உண்ணி கடித்தால் தோல் புற்றுநோய் வருமா? தோல் மருத்துவர் பதில்கள்

காபி தோட்டத்தில் வேலை செய்கிறேன். உண்ணி கடித்தால் தோலில் லிம்போமா வரும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். நிஜமா டாக்டர்? (வாசகர், நாகலூர்)

பாதி நிஜம், அதுவும் வேறு ஊர் நிஜம். ஐரோப்பாவில் இக்ஸோடஸ் வகை உண்ணிகள் பொரீலியா பாக்டீரியாவைப் பரப்புகின்றன. லைம் நோய் அதனால்தான் வருகிறது. இந்தக் கிருமி தோலிலேயே வருடக்கணக்கில் தங்கிவிட்டால், அதை எதிர்க்க பி-செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் ஓயாமல் பெருகும். அப்படிப் பெருகுவதில் ஒரு கூட்டம் கட்டுப்பாட்டை மீறினால் லிம்போமா என்ற புற்றுநோய். வயிற்றில் ஹெலிகோபேக்டர் கிருமி செய்வதும் இதே வேலைதான்.

ஆஸ்திரியாவில் தோல் பி-செல் லிம்போமா நோயாளிகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கும், ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் மூன்றில் ஒருவருக்கும் கட்டிக்குள் பொரீலியாவின் டிஎன்ஏ கிடைத்தது. அமெரிக்காவிலும் தைவானிலும் தேடியபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. நீங்கள் ஏற்காட்டில் இருக்கிறீர்கள். உண்ணி கடித்துவிட்டதே என்று புற்றுநோயை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சல் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

பையன் காதுக்குப் பின்னால் ஒட்டிய உண்ணிமேல் மண்ணெண்ணெய் ஊற்றினோம். சரிதானே? (வாசகி, வாழவந்தி)

தப்பு. தீக்குச்சியால் சுடுவதும் தப்பு. கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். சோப்பு போட்டுக் கழுவுங்கள். அவ்வளவுதான்.

கணவருக்கு முதுகில் செந்நிறக் கட்டி, எட்டு மாதமாக இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ட்யூபைப் போட்டால் அமுங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. உண்ணிக் கடி என்கிறார்கள். டாக்ஸிசைக்ளின் கொடுக்கலாமா? (வாசகி, அயோத்தியாபட்டணம்)

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அந்த ட்யூபின் பெயரை மட்டும் எழுதவில்லை. எனக்கு வேண்டியதே அதுதான்.

வாரம் தவறாமல் யாராவது என் மேஜையில் ஒரு பையைக் கவிழ்க்கிறார்கள். அடியிலிருந்து சுருட்டிப் பிழிந்த ட்யூப்கள், எழுத்து தேய்ந்துபோனவை. உள்ளே ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த களிம்பு. இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. இன்னும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஸ்டீராய்டு பட்டால் லிம்போசைட்டுகள் (பி-செல், டி-செல் போன்ற வெள்ளை அணுக்கள்) கொஞ்ச நாள் அடங்கும், கட்டி அமுங்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். நோய் அப்படியே இருக்கும். அதன்பின் திசுவை எடுத்துப் பார்த்தாலும் நுண்ணோக்கியில் படம் கலங்கித்தான் தெரியும். தொடையிலும் பிட்டத்திலும் படை என்று வருடக்கணக்கில் களிம்பு தடவி, கடைசியில் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற தோல் லிம்போமா என்று தெரியவந்தவர்கள் இருக்கிறார்கள். அது டி-செல் வகை. உங்கள் கணவருக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. பயாப்ஸி, அதாவது திசுவை எடுத்துச் செய்யும் சோதனை, பார்க்காமல் யாரும் எதையும் சொல்ல முடியாது என்கிறேன்.

ட்யூபை இன்றே நிறுத்துங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அவரை அழைத்துப் போங்கள், அந்த ட்யூபையும் கையோடு கொண்டு போங்கள். களிம்பு நிறுத்தி எத்தனை வாரம் கழித்து எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் கனத்துக்கு ஒரு துண்டு எடுத்து, ஒரு தையல் போடுவார்கள். பத்து நிமிட வேலை.

டாக்ஸிசைக்ளின் பற்றி: ஐரோப்பாவிலேயே கட்டிக்குள் பொரீலியா இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சிலருக்குக் கரைகிறது, பலருக்கு இல்லை. ஒருவேளை மார்ஜினல் ஸோன் லிம்போமா என்ற பி-செல் வகை என்றே வந்தாலும் பதற வேண்டாம். மெதுவாக வளர்வது அது. அறுவை, கதிர்வீச்சு என்று வழி இருக்கிறது. ஐந்து வருடம் கடந்தும் உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல். ஆனால் பயாப்ஸி இல்லாமல் மாத்திரை வேண்டாம்.

லைம் டெஸ்ட் பாசிட்டிவ். என்ன செய்ய? (வாசகர், அஸ்தம்பட்டி)

வயது, அறிகுறி, எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள், ஒன்றுமே எழுதவில்லை. எலைசா என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் நம்ப முடியாது, சிஃபிலிஸ் போன்றவையும் அதைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். அதை உறுதிசெய்யும் வெஸ்டர்ன் ப்ளாட் சோதனை செய்யாமல் மருந்து தொடங்காதீர்கள். தோலில் கட்டி இருந்தால், மறுபடியும் சொல்கிறேன், பயாப்ஸி.

காபி பழம் பறிக்கப் போன தங்கைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். அக்குளில் கருப்பாக ஒரு பொருக்கு இருக்கிறது, வலியில்லை. இதுவும் அந்தக் கட்டிதானா? (வாசகி, ஏற்காடு)

இல்லை. இது அநேகமாக ஸ்க்ரப் டைபஸ் என்ற தொற்றுக் காய்ச்சல். இதைப் படித்தவுடன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பரப்புவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில்தான் அதிகம், உங்கள் ஊரில் பழம் பறிக்கும் நேரமும் அதுதான். அந்தப் பொருக்கு அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள். சீக்கிரம் டாக்ஸிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். அவர் கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அசித்ரோமைசின் கொடுப்பார்கள்.