பாட்டியின் சிமிழில் இருப்பது திருச்சிலுவை மரமா?

கேள்வி: என் பாட்டி விட்டுச்சென்ற சிறிய சிமிழில், கண்ணாடிக்கு அடியில், சிலுவை வடிவில் ஒட்டப்பட்ட இரண்டு மரச் சிராய்கள் இருக்கின்றன. இலத்தீனில் எழுதிய பழைய சான்றிதழ் ஒன்றும் உடன் இருக்கிறது. கட்டணம் கொடுத்தால் கார்பன் ஆய்வு செய்து, இது ஆண்டவரின் சிலுவை மரமே என்று சான்று வாங்கித் தருவதாகப் பழம்பொருள் தரகர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். சிமிழைத் திறக்கவும் அவரை அனுமதிக்காதீர்கள். ஒரு மரம் எக்காலத்தில் வளர்ந்தது என்பதைத்தான் கார்பன் ஆய்வு தோராயமாகச் சொல்லுமே தவிர, அந்த மரத்தில் யார் அறையப்பட்டார் என்பதை எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது. ஆகவே அந்த ஆய்வு ஒரு திருப்பண்டத்தை, அதாவது இயேசுவோடோ புனிதர்களோடோ தொடர்புடையதாக வணங்கப்படும் பொருளை, பொய்யென்று காட்டக்கூடும். மெய்யென்று ஒருபோதும் நிறுவாது. உரோமையின் திருச்சிலுவைப் பேராலயத்தில், இயேசுவின் தலைக்கு மேல் அறையப்பட்ட பலகையாக வணங்கப்படும் மரத்தை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு, அது கி.பி. 980-க்கும் 1146-க்கும் இடைப்பட்டது என்றது. இயேசுவின் உடலைப் பொதிந்ததாக நம்பப்படும் துரின் துணியை 1988-இல் ஆக்ஸ்போர்டு, சூரிக், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வகங்கள் சோதித்து 1260–1390 என்று காலம் குறித்தும், மாதிரி எடுத்த மூலை முழுத் துணிக்கும் சான்றாகுமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. மேலும், ஆய்வுக்குக் கொடுக்கும் மாதிரி திரும்ப வராது; அதை எரித்துத்தான் அளக்கிறார்கள். உங்களிடம் இருப்பதோ இரண்டு சிராய்கள்.

அவை உண்மையானவையாக இருக்க வாய்ப்பு உண்டா என்பதுதான் உங்கள் உள்ளத்துக் கேள்வி என்று நினைக்கிறேன். சிலுவை மரத்தின் துண்டுகள் உலகெங்கும் பரவிவிட்டதாக எருசலேம் ஆயர் சிரில் ஏறத்தாழ 350-இலேயே போதித்தார். சிலுவையைக் கண்டெடுத்தவர் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் அரசி எலேனா என்பது மரபு. ஆனால் அவருடைய திருநாட்டுப் பயணத்தை விரிவாக எழுதிய அக்காலத் திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு, எலேனா சிலுவையைக் கண்டெடுத்ததாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஐரோப்பாவிலுள்ள துண்டுகளையெல்லாம் சேர்த்தால் ஒரு கப்பலே நிரம்பும் என்று சீர்திருத்த சபைத் தலைவர் கால்வின் 1543-இல் சாடினார். ரோஹோ த ஃப்ளெரி என்ற பிரெஞ்சு அறிஞர் 1870-இல் தமக்குத் தெரிந்த துண்டுகளைக் கணக்கிட்டு, முழுச் சிலுவைக்கு ஏறத்தாழ 17.8 கோடி கன மில்லிமீட்டர் மரம் தேவைப்படும்போது, கிடைத்திருப்பது 40 இலட்சம் கன மில்லிமீட்டர் அளவே என்று காட்டினார். இந்தக் கணக்கு கால்வினின் கப்பலைப் பொய்யாக்குகிறது. ஆனால் எந்த ஒரு துண்டையும் மெய்யாக்கவில்லை. தரகர்கள் இந்த இரண்டாவது பாதியை வாயே திறக்காமல் விட்டுவிடுவார்கள்.

நீங்கள் சரிபார்க்கக் கூடியது வேறொன்று. சிமிழின் பின்புறத்தில், மூடியைக் கட்டிய நூலின் மேல், சிவப்பு அரக்கு முத்திரை இருக்கும். அதிலுள்ள சின்னம் சான்றிதழில் பெயர் குறித்துள்ள ஆயருடையதாக இருக்க வேண்டும். சான்றிதழ் விவரிக்கும் சிமிழின் வடிவமும் உங்கள் கையிலுள்ளதும் பொருந்த வேண்டும். பழைய வெற்றுச் சிமிழில் எதையாவது வைத்து, புதிதாக அச்சிட்ட தாளைப் பழுப்பாக்கிச் சேர்த்துத் தருவதும், “சிமிழுக்குத்தான் விலை, திருப்பண்டம் இலவசம்” என்று சொல்லி விற்பதும் இந்த வணிகத்தின் வழக்கமான தந்திரங்கள். திருப்பண்டங்களை விற்பதைக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் பிரிவு முற்றிலும் தடை செய்கிறது. 386-ஆம் ஆண்டின் உரோமைப் பேரரசுச் சட்டமே விசுவாசத்துக்காக உயிர்நீத்த மறைச்சாட்சிகளின் உடல்களை விற்கவும் வாங்கவும் கூடாது என்றது. பதினாறு நூற்றாண்டுகள் கழிந்தும் இந்த வியாபாரம் நின்றபாடில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அரக்கு உடைந்திருந்தாலோ சான்றிதழ் தொலைந்திருந்தாலோ, அந்தக் காரணத்தால் மட்டும் திருப்பண்டம் பொய்யாகிவிடாது. கலவரங்களாலோ வேறு விபத்தாலோ ஆவணம் அழிந்துபோனவற்றை ஆயரின் முன்தீர்ப்பு இல்லாமல் பொது வணக்கத்துக்கு வைக்கலாகாது என்றுதான் 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறியது. பழங்காலத் திருப்பண்டங்களையோ, பொய்யென்று உறுதியான சான்று கிடைக்காத வரை, அதுவரை பெற்றுவந்த வணக்கத்திலேயே வைத்திருக்கச் சொன்னது. சான்றிதழ் இல்லாதவற்றைப் பொது வணக்கத்துக்கு வைக்கக் கூடாது என்று வத்திக்கானின் 2017-ஆம் ஆண்டு அறிவுறுத்தலும் சொல்கிறது. இந்தத் தடை பொது வணக்கத்துக்கானது. வீட்டில் அதன் முன் செபிப்பதை எவரும் தடுக்கவில்லை. “தாள் இல்லையென்றால் மதிப்பே இல்லை, என்னிடம் கொடுத்துவிடுங்கள்” என்று எவராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

இனி, சிமிழின் இருபுறத்தையும் சான்றிதழையும் தெளிவாகப் படமெடுத்து, உங்கள் மறைமாவட்ட ஆயர் இல்லத்துக்குக் கடிதம் எழுதுங்கள். விரைவில் பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய ஆயர்களின் முத்திரைகளைத் திருச்சபையே ஒரே இடத்தில் தொகுத்து, எளிய விசுவாசியும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி வெளியிட்டிருந்தால் இத்தகைய தரகர்களுக்குப் பாதிப் பிழைப்பு இல்லாமல் போயிருக்கும். அதைச் செய்யாமல், கேட்பவரை ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு அனுப்பிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. பதில் வராவிட்டால் பங்குத்தந்தை வழியாக மீண்டும் கேளுங்கள். அதுவரை, தூசு தட்டுவதற்காகக்கூட அந்த நூலை அவிழ்க்காதீர்கள்.