மகள் பல்லில் காவிக் கறை ஏன்?

கேள்வி: தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்திலிருந்து பெங்களூரு வந்து பத்து வருடம் ஆகிறது. வர்த்தூர் அருகே வாடகை வீடு, போர்வெல் தண்ணீர். ஒன்பது வயது மகளுக்குப் புதிதாக முளைத்த பற்களில் வெள்ளைக் கோடுகளும் காவிக் கறையும் இருக்கின்றன. பல்லே துலக்க மாட்டாள் என்று பள்ளியில் கேலி செய்கிறார்களாம். மகனுக்கு ஒன்றேகால் வயது. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறோம். ஊரில் என் மாமனாருக்குக் குனியவே முடியவில்லை. இதற்கெல்லாம் தண்ணீர்தான் காரணமா, டாக்டர்?

பதில்: முதலில் உங்கள் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உன் மேல் தப்பில்லை" என்று சொல்லிவிடுங்கள். துலக்காத பல்லில் படியும் அழுக்கு சுரண்டினால் வரும். நீங்கள் சொல்லும் கறை அப்படி வராது. வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே பற்களில், சுண்ணாம்பு தீற்றியதுபோலக் குறுக்குக் கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், பெரும்பாலும் அது தண்ணீரில் கரைந்து வரும் ஃபுளோரைடு செய்த வேலை.

லால்பாக்கில் குழந்தைகள் ஏறி விளையாடும் பாறைக்குன்றைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய முந்நூறு கோடி ஆண்டுப் பழமையான, நைஸ் (gneiss) என்ற வகைப் பாறை அது. இங்கிருந்து தருமபுரி வரை பூமிக்கடியில் இதுபோன்ற பழம்பாறைகள்தான். அவற்றில் மினுமினுக்கும் கறுப்பு மைக்காவிலும் அபடைட் என்ற கனிமத்திலும் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை வெடிப்புகளில் தண்ணீர் எவ்வளவு காலம் தேங்குகிறதோ அவ்வளவுக்கு அது கரைந்து இறங்கும். நாம் ஆயிரம் அடி தோண்டி இறைப்பது அப்படி நெடுநாள் தேங்கிய தண்ணீரைத்தான். நம் பல்லும் எலும்பும்கூட அபடைட் குடும்பத்துக் கனிமத்தால் ஆனவை. அதனால்தான் உள்ளே போன ஃபுளோரைடு அங்கேயே போய் ஒட்டிக்கொள்கிறது. ஈறுக்குள் பல்லின் மேலுறையான எனாமல் உருவாகும் பருவத்தில் அது அதிகமானால் எனாமல் இறுகாமல் நுண்துளைகளோடு வளரும். பல் வெளியே வந்த பிறகு அந்தத் துளைகளில் காவி ஏறும்.

கொதிக்கவைப்பது கிருமிக்கு மருந்து. ஃபுளோரைடு ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். அடுக்குமாடிகளில் வைத்திருக்கும் சாஃப்ட்னரும் இதற்கு உதவாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருகிறது, அவ்வளவுதான். யு.வி. விளக்கும் கேண்டில் வடிகட்டியும் பயனில்லை. ஒழுங்காகப் பராமரித்த ஆர்.ஓ. குறைக்கும். ஆனால் பல வீடுகளில் குடிக்க மட்டும் ஆர்.ஓ., சோறும் பருப்பும் போர்வெல் தண்ணீரில் வேகின்றன. சோறு குடித்த தண்ணீரும் வயிற்றுக்குள்தானே போகிறது?

எனக்கு இப்போது கவலை உங்கள் மகனைப் பற்றித்தான். நிரந்தர முன்பற்களின் எனாமலுக்கு மிக நுட்பமான காலம் ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டரை வயது வரை. அவன் அதில் இன்றுதான் கால் வைத்திருக்கிறான். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அவன் குடிக்கவும் அவனுக்குச் சமைக்கவும் காவிரித் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துவையுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் நகரத்தின் ஓரத்து 110 கிராமங்களுக்கானது. உங்கள் தெருவுக்கு இணைப்பு உண்டா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கூடவே, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் போர்வெல் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது.

பாலும் கேழ்வரகும் கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. குடலில் இந்தக் கால்சியம், ஃபுளோரைடில் ஒரு பங்கைப் பிடித்து வெளியேற்றிவிடும். உங்கள் ஊர்க் களியையும் இந்த ஊர் முத்தேயையும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் நல்ல தண்ணீருக்கு அது மாற்றாகாது.

மகளின் கறையைக் கரியாலும் உப்பாலும் தேய்க்காதீர்கள், எனாமல்தான் தேயும். பல் மருத்துவர் மேற்பரப்பை மெல்ல மெருகேற்றியே நிறையக் குறைக்கலாம். மற்ற சிகிச்சைகளுக்கு அவள் கொஞ்சம் வளரட்டும்.

மாமனாரை நேரில் பார்க்காமல் முடிவு சொல்வது சரியாகாது. வயதான மூட்டுவலியும் இப்படித்தான் தொடங்கும். ஆனால் ஃபுளோரைடு எலும்பில் சேர்ந்து உடலை வளையவிடாமல் செய்யும் நோய்க்கும் நம் பக்கத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பகுதி மக்களிடம் இந்த எலும்பு நோய் 1937-இலேயே பதிவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதும் இதனால்தான். அதற்கு முன் பல பத்தாண்டுகள் அவர் குடித்தது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். முழங்கால் மடக்காமல் கால்விரலைத் தொட முடிகிறதா, தாடை நெஞ்சைத் தொடுகிறதா, இரு கைகளையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோக முடிகிறதா என்றும் பாருங்கள். மூன்றும் சிரமமென்றால் எலும்பு மருத்துவரிடம் முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீர் ஃபுளோரைடு பரிசோதனையும் கேளுங்கள். சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், ஃபுளோரைடை வெளியேற்றுவது அதுதான். போகும்போது அவர் வீட்டில் இன்று குடிக்கும் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துவந்து, உங்கள் போர்வெல் தண்ணீரோடு சேர்த்து ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்.