பெரியவர்களுக்கான கலரிங் புத்தகத்தில் டெம்பரா பெயின்ட் ஸ்டிக் சரிப்பட்டு வருமா?

வரும். ஆனால் கலர் பென்சிலைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகக் கோட்டுக்குள் நிரப்பலாம் என்று உட்கார்ந்தால், பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் அலுத்துப்போகும்.

குழந்தைகளுக்கென்று விற்கிற டெம்பரா ஸ்டிக் கையில் இருக்கிறது, இலையும் பூவும் மண்டலாவுமாக (வட்டத்துக்குள் கோலம் போல அடுக்கிய வடிவம்) நெருக்கிக் கோடு போட்ட கலரிங் புத்தகமும் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகுமா, தாள் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கொஞ்ச காலமாக இந்த இரண்டையும் சேர்த்து வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறேன். என் முடிவு இதுதான்: ஸ்டிக்கை அடிப்பூச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நுணுக்கமான வேலையைப் பென்சிலுக்கும் ஜெல் பேனாவுக்கும் விட்டுவிடுங்கள். வானம், தண்ணீர், பின்னணி, பெரிய இதழ்கள் எல்லாம் ஸ்டிக்கின் வேலை. நரம்பு, நிழல், ஓரம் எல்லாம் மேலே வருபவர்களின் வேலை.

அது ஏன் என்று புரிய, இந்த ஸ்டிக் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். லிப்ஸ்டிக் மாதிரி அடியைத் திருகினால் வண்ணம் மேலே வரும். தாளில் இழுத்தவுடன் க்ரீம் போல வழுக்கிக்கொண்டு போகும். அதிலுள்ள ஈரம் ஆவியானதும் இறுகிவிடும். 90 வினாடியில் காயும் என்று சில தயாரிப்பாளர்கள் அட்டையிலேயே போடுகிறார்கள். மெல்லிசாகப் பூசினால் அது ஏறக்குறைய உண்மைதான். தடிமனாகப் பூசினால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பார்ப்பதற்கு ஆயில் பேஸ்டல் போல இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஆயில் பேஸ்டலில் இருப்பது காயாத எண்ணெயும் மெழுகும். மாதக்கணக்கில் விட்டாலும் விரலில் ஒட்டும், புத்தகத்தை மூடினால் எதிர்ப்பக்கத்தில் பதியும். டெம்பரா ஸ்டிக் காய்ந்துவிடுகிறது, அதனால் புத்தகத்தை மூடி வைக்கலாம். ஸ்பிரிட் மார்க்கர் போலத் தாளை ஊடுருவி மறுபக்கம் கசிவதும் இல்லை. இரண்டு பக்கமும் படம் அச்சிட்ட புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு குணமே போதும். வாட்டர்கலர் மாதிரி தாளை அலையலையாக நெளிய வைப்பதும் இல்லை, தண்ணீர் சேர்க்காத வரை.

சரி, இனி தொல்லைகள்.

முதலாவது, முனையின் அகலம். பெரும்பாலான ஸ்டிக்குகளின் முனை கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இருக்கும். மண்டலாவின் நடுவில் இருக்கிற கட்டங்கள் அதில் பாதிகூட இருக்காது. முனையைக் கத்தியால் சீவிக் கூராக்கலாம் என்று தோன்றும். வண்ணம் மென்மையாக இருப்பதால் நாலு கோடு இழுப்பதற்குள் அந்தக் கூர் மழுங்கிவிடும், சீவியது வீண்தான். வட்ட முனையின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஓரளவு மெல்லிய கோடு கிடைக்கும்.

இதற்கு எனக்குப் பிடித்த வழி, ஸ்டிக்கைத் தாளில் தேய்க்காமல் ஒரு பிளாஸ்டிக் மூடியில் தேய்ப்பது. அங்கே கொஞ்சம் குழைவாகச் சேர்ந்ததும், லேசாக ஈரமான சின்ன பிரஷ்ஷால் எடுத்துக் கட்டத்துக்குள் வைக்கலாம். பிரஷ் ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. இப்படி எடுத்தால் கிட்டத்தட்ட போஸ்டர் கலர் போலவே ஓடும். காது குடையும் பட்ஸ் நடுத்தர அளவுக் கட்டங்களுக்குச் சரியாக இருக்கும். நக அலங்காரத்துக்கு (நெயில் ஆர்ட்) விற்கிற சிலிகான் முனைக் குச்சி இருந்தால் இன்னும் நல்லது, அது வண்ணத்தை உறிஞ்சாது, துடைத்தால் போய்விடும். ‘பிரஷ் எடுத்துவிட்டால் ஸ்டிக் எதற்கு’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பெரிய பகுதிகளைப் பூசும்போது கிண்ணமும் தண்ணீரும் இல்லாமல் சட்டென்று முடிகிறதே, அதற்குத்தான். முழுப் பக்கத்தையும் பிரஷ்ஷால்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் நேராகக் குவாஷ் (தண்ணீரில் குழைத்துப் பூசும் ஒளிபுகா வண்ணம்) வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது தொல்லைதான் பெரியது. இந்த வண்ணம் ஒளிபுகாதது. அச்சிட்ட கறுப்புக் கோட்டின் மேல் ஏறினால் கோடு மறைந்துவிடும். கலர் பென்சிலுக்கும் மார்க்கருக்கும் பழகிய கைக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் அவற்றில் கோட்டின் மேல் போனாலும் கோடு அப்படியே தெரியும். இங்கே ஒரு இழுப்பில் ஒரு இலையே காணாமல் போகும்.

எல்லா நிறமும் ஒரே அளவுக்கு மறைப்பதில்லை. மஞ்சளும் சில சிவப்புகளும் கோட்டைக் கொஞ்சம் காட்டும். வெள்ளை நன்றாக மறைக்கும். வெள்ளை கலந்த வெளிர் நிறங்களும், தங்கம், வெள்ளி போன்ற மின்னும் நிறங்களும் அப்படித்தான். அதனால் புதுப் பெட்டி வாங்கியதும் முதல் வேலையாக, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தடித்த கறுப்புக் கோடு ஒன்று போட்டு, அதன் குறுக்கே எல்லா நிறத்தையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். எது மறைக்கிறது, எது மறைக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். புத்தகத்தின் தாளிலேயே பார்ப்பதால், தாள் எப்படி ஏற்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

கோடு தெரிய வேண்டிய இடத்தில் ஸ்டிக்கை லேசாக இழுத்து, உடனே, அதாவது காய்வதற்கு முன்பே, டிஷ்யூ தாளால் தேய்த்துப் பரப்பிவிடுங்கள். மேலே நிற்கிற வண்ணம் டிஷ்யூவில் வந்துவிடும், தாளில் மெல்லிய சாயம் மட்டும் தங்கும். பின்னணி வானத்துக்கு இந்த முறைக்கு நிகர் கிடையாது. ஸ்டிக்கின் இழுப்புத் தடங்கள் இல்லாமல் மேகம் போலப் பரவும், கீழே இருக்கிற கோடும் தெரியும்.

மறைந்துவிட்ட கோட்டை மறுபடி வரைவது இன்னொரு வழி. நான் பல பக்கங்களில் வேண்டுமென்றே இப்படித்தான் செய்கிறேன். கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் நிறத்தைப் பரப்பிவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு, தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற பழைய கோட்டின் மேல் கறுப்பு ஜெல் பேனாவால் வரைகிறேன். சில இடங்களில் கறுப்புக்குப் பதில் அடர் நீலம் அல்லது வெள்ளை. அச்சடித்தவர் கொடுத்த கோட்டுக்குக் கட்டுப்படாமல் படம் கொஞ்சம் நம்முடையதாகிறது. ஒரு எச்சரிக்கை: மெல்லிய ஃபைபர் முனைப் பேனாக்களை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், வண்ணத்தின் துகள் முனையில் அடைத்துக்கொள்ளும். உருளும் முனை உள்ள ஜெல் பேனா அதைவிடத் தாக்குப்பிடிக்கும், அதையும் அவ்வப்போது வேறு தாளில் கிறுக்கிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

நிறம் கலப்பதைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிப் பதில்தான். ஈரமாக இருக்கும்போது இரண்டு நிறங்கள் தாளிலேயே அழகாகக் கலக்கும், ஆனால் அதற்குக் கிடைக்கிற நேரம் ஒரு நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. ஒரு இதழை முழுக்க மஞ்சள் பூசிவிட்டு, ஆரஞ்சு ஸ்டிக்கைத் தேட ஆரம்பித்தால் மஞ்சள் காய்ந்திருக்கும். முட்டை மஞ்சள் கருவில் நிறப்பொடியைக் குழைத்து வரைந்த அந்தக் கால டெம்பரா ஓவியர்களுக்கும் இதே சங்கடம்தான். 1400-ஐ ஒட்டி ஓவியத் தொழிலின் கையேடு ஒன்றை எழுதிய இத்தாலியர் சென்னினோ சென்னினி, துணி மடிப்பு வரையும்போது இருண்டது, நடுத்தரம், வெளிர் என்று மூன்று சாயலை முன்கூட்டியே தனித்தனிக் கிண்ணத்தில் கலந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நம் ஸ்டிக்கில் முட்டை இல்லை, வேலை முறை மட்டும் அப்படியே பொருந்துகிறது. ஒரு பூவைத் தொடுவதற்கு முன் அதற்கான மூன்று ஸ்டிக்குகளையும் மூடி திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிர் நிறத்தை முதலில் முழுக்கப் பூசி, நடுத்தரத்தை பாதி வரை கொண்டுவந்து, இருண்டதை அடியில் மட்டும் தொட்டு, உடனே விரலால் ஒரே திசையில் இழுத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு இதழ் போதும்.

காய்ந்துவிட்டால் கலக்கப் பார்க்காதீர்கள். அந்தக் கால ஓவியர்கள் காய்ந்த பூச்சின் மேல் மெல்லிய கோடு கோடாக அடுத்த நிறத்தைப் போட்டு நிழல் கொண்டுவந்தார்கள். நீங்களும் அதைக் கலர் பென்சிலால் செய்யலாம். எனக்கு இந்தக் கூட்டணிதான் மிகவும் பிடித்தது. வெள்ளைத் தாளில் பென்சிலை மட்டும் வைத்து அடர்த்தியான நிறம் கொண்டுவர மணிக்கணக்காகும், கையும் வலிக்கும். கீழே டெம்பரா இருந்தால் அந்த அடர்த்தி முன்பே வந்துவிடுகிறது, பென்சில் நிழலை மட்டும் கவனித்தால் போதும். பென்சிலின் முனை மென்மையாக இருக்க வேண்டும். கடினமான பென்சில் நிறம் ஏற்றாமல் பூச்சைக் கீறிவிடும்.

அந்தக் கீறலையே வேண்டுமென்று செய்தால் அதுவும் ஒரு உத்தி. வெளிர் பச்சை பூசிக் காயவிட்டு, அதன்மேல் அடர் பச்சை பூசி, மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே பல் குத்தும் குச்சியால் இலை நரம்பைக் கீறினால் அடியிலிருக்கிற வெளிர் நிறம் தெரியும். இறகு, மீன் செதில், புல் என்று கோடுகளால் ஆன எதற்கும் இது நன்றாக வரும். அழுத்தினால் தாளே கிழியும், மெதுவாகச் செய்யுங்கள்.

தாளைப் பற்றி இரண்டு வார்த்தை. நகல் எடுக்கிற 70, 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில்கூட ஸ்டிக் பூச முடியும். ஆனால் ஈர பிரஷ், விரல் தேய்ப்பு, கீறல் எல்லாம் வேண்டுமென்றால் 120-க்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. பளபளப்பான தாள் வேண்டாம், வண்ணம் பிடிக்காமல் வழுக்கும். படத்தை நீங்களே அச்சிட்டு எடுப்பதாக இருந்தால் லேசர் பிரின்டரில் எடுங்கள். சாதாரண இங்க்ஜெட் மை பல சமயம் ஈரம் பட்டால் கரைந்து, மஞ்சளைச் சாம்பல் ஆக்கிவிடும். முன்னால் பூசிய டெம்பராவும் பல ஸ்டிக்குகளில் தண்ணீர் பட்டால் மறுபடி இளகும், அதனால் மேலே வாட்டர்கலரோ சாதாரண ஸ்கெட்ச் பேனாவோ போட வேண்டாம். மார்க்கர் முதலில், டெம்பரா அதன் மேல் என்ற வரிசையில் சிக்கல் இல்லை.

பின்னணி பூசும்போது நடுவிலிருக்கிற உருவத்தைக் காப்பாற்ற மாஸ்கிங் டேப் உதவும். ஒட்டுவதற்கு முன் உடையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தாளின் மேல்தோலும் சேர்ந்து வரும். உருவம் சிக்கலானதாக இருந்தால் டேப்பை மறந்துவிடுங்கள். ஓரத்தைச் சின்ன பிரஷ்ஷால் சுற்றிவிட்டு, வெளியே மிச்சமிருப்பதை ஸ்டிக்கால் நிரப்புவது வேகமாக முடியும்.

தடிமனாக அப்பினால் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் புத்தகம் வளையும் பொருள், காய்ந்த பூச்சு அந்த அளவுக்கு வளையாது. தைத்த பக்கத்தை ஒட்டி அப்பிய இடங்கள்தான் முதலில் விரிசல் விடும். இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு தடித்த பூச்சைவிட எப்போதும் மேல். பூசும்போது உதிர்கிற துணுக்குகளை விரலால் தட்டிவிடாதீர்கள், நசுங்கிக் கறையாகும். காய்ந்ததும் ஊதினால் போய்விடும். முடித்த பக்கத்தின் மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்து மூடுவது நல்லது, குறிப்பாக வெயில் காலத்தில்.

ஸ்டிக்கைப் பராமரிப்பது பெரிய வேலையில்லை. மூடும் முன் உள்ளே திருகி இறக்குங்கள், மறந்தால் மூடியே முனையை நசுக்கிவிடும். ‘க்ளிக்’ என்ற சத்தம் வரும்வரை மூடுங்கள். மஞ்சளையும் வெள்ளையையும் வேறு ஈர நிறத்தின் மேல் இழுத்திருந்தால், முனையில் ஒட்டியதை வேறு தாளில் தேய்த்து எடுத்த பிறகு மூடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை மஞ்சள் பச்சையாக வரும்.

மண்டலா புத்தகம்தான் இருக்கிறது என்றால் ஸ்டிக்கை அதன் வெளிவட்டப் பின்னணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே பென்சில் போதும். வாங்கப் போகிறீர்கள் என்றால் பெரிய விலங்கு உருவம், கடல், காடு, இரவு வானம் மாதிரி வெற்றிடம் அதிகமுள்ள புத்தகமாகப் பாருங்கள். சட்டம் போட்டு மாட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒன்று: இவை குழந்தைகளுக்கான வண்ணங்கள், நிறம் எத்தனை காலம் வெளுக்காமல் இருக்கும் என்ற தரக்குறியீடு பொதுவாக இவற்றில் இருக்காது. பளீர் ரோஜா, பளீர் ஆரஞ்சு போன்ற நியான் நிறங்கள் வெளிச்சத்தில் சீக்கிரமே மங்கும். ஸ்கேன் செய்து நகலை மாட்டுங்கள், அசல் புத்தகத்துக்குள்ளேயே இருக்கட்டும்.