மைக்கேல் ஜாக்சன்: பாட்டைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவன் நான். இவருடைய தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டவன். மூக்கு, தோல், சாவு மூன்றையும் விட்டுவிட்டுக் கேட்டால் சந்தோஷம். இன்னொன்று, போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இங்கே வராதீர்கள். பாதிப் பாட்டு அதில் கேட்காது.

தென்காசித் தம்பி: அண்ணா, வசதியான குடும்பமா அவருடையது?

வசதியா? இண்டியானாவில் கேரி என்ற உருக்காலை ஊர். அப்பா ஜோ ஆலையில் கிரேன் ஓட்டினார். சின்ன வீட்டில் ஒன்பது பிள்ளைகள். மைக்கேல் பிறந்தது 1958 ஆகஸ்ட் 29. அண்ணன்மாரோடு சேர்ந்து மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் வெளியிட்ட முதல் நான்கு சிங்கிள்களும் (தனியாக வெளியிடும் பாட்டுகள்) 1970இல் வரிசையாக அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. பையனுக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயது.

சுரப்பிரியா: நோட்ஸ் எழுத வராதாமே? பிறகு எப்படி சார் பாட்டு போட்டார்?

வாயால் போட்டார். கிண்டல் இல்லை. டேப் ரெக்கார்டர் முன்னால் நின்று டிரம்ஸ், பேஸ் (அடியில் ஓடும் கனத்த ஒலி), கோரஸ் எல்லாவற்றையும் தனித்தனியாக வாயாலேயே செய்து காட்டுவார். வாசிப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். 'பில்லி ஜீன்' பாட்டுக்கு 1981இல் அவர் வீட்டில் பதிந்த டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, பிற்பாடு அந்தப் பாட்டு உள்ள 'திரில்லர்' தட்டின் மறுவெளியீட்டில் வந்தது. வரிகள் பாதி இருக்காது, முனகல்தான். ஆனால் அந்த பேஸ் நடை அப்படியே இருக்கும். மெட்டைப் போட்டவன்தான் இசையமைப்பாளன். பேப்பரில் எழுதுவது குமாஸ்தா வேலை. (எழுதிக் கொடுக்கும் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.)

வெள்ளை மனசு: தோலை வெளுத்துக்கொண்டார்தானே?

வெண்புள்ளி நோய். 1993இல் டிவி பேட்டியில் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் அவரே சொன்னார். பிரேதப் பரிசோதனையும் அதை உறுதி செய்தது.

குயின்சி பக்தன்: ஐயா, உண்மையைச் சொல்லுங்கள். மைக்கேல் பாடினார், ஆடினார், அவ்வளவுதான். 'திரில்லர்' முழுக்க குயின்சி ஜோன்ஸ் போட்டது. புரொட்யூசர் அவர்தானே?

வந்துவிட்டீர்களா! இந்த ஒரு வார்த்தையால் எத்தனை சண்டை. நம் ஊரில் புரொட்யூசர் என்றால் பணப்பெட்டியோடு வருபவர். அங்கே இசைத்தட்டுக்குப் புரொட்யூசர் என்றால் பதிவுக்குத் தலைமை தாங்குபவர். எந்தப் பாட்டு வேண்டும், யார் வாசிக்க வேண்டும், என்ன வேகம், எப்போது போதும் என்று நிறுத்துவது, இதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் நம் அர்த்தத்தில் இசையமைப்பாளரும் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 'திரில்லர்' தட்டில் ஒன்பது பாட்டு. நான்கு மைக்கேல் எழுதியவை. மூன்று ராட் டெம்பர்டன் என்ற இங்கிலாந்துக்காரர் எழுதியவை. தலைப்புப் பாட்டு அவருடையதுதான். மீதி இரண்டில் ஒன்றில் மட்டும் எழுதியவர் இடத்தில் குயின்சி பெயர் இருக்கிறது, அதுவும் ஜேம்ஸ் இங்ரமோடு சேர்த்து.

அதனால் குயின்சி சும்மா இருந்தார் என்று அர்த்தமில்லை. டெம்பர்டனை அழைத்து வந்தது அவர். 'பீட் இட்' பாட்டுக்கு ராக் கிட்டார்காரர் எடி வான் ஹேலனைப் பிடித்தது அவர்; எடி காசு வாங்காமல் வாசித்துவிட்டுப் போனார். ஆனால் 'பில்லி ஜீன்' முன்னிசை நீளம், வெட்டு என்று குயின்சி சொன்னபோது மைக்கேல் மறுத்தார். தனக்கு ஆடத் தோன்றுவதே அந்த இடத்தில்தான் என்றார். வெட்டாமல் விட்டார்கள். இன்று முதல் இரண்டு அடி டிரம்ஸிலேயே கல்யாண மண்டபம் எழுந்து நிற்கிறதே, அது யார் வெற்றி?

மாடி வீட்டுக்காரன்: உயிரோடு இருக்கிறாராமே?

2009 ஜூன் 25. அடுத்தது.

குயின்சி பக்தன்: 2017இல் கோர்ட்டே குயின்சிக்கு 94 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னதே?

அது ராயல்டி வழக்கு. பாட்டு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. 2020இல் மேல்முறையீட்டில் அதில் பெரும்பகுதியைக் குறைத்தும்விட்டார்கள். பாதி மட்டும் படித்துவிட்டு வராதீர்கள் பக்தரே.

கோடம்பாக்கம் கோபு: நடுவில் நுழைகிறேன். மிக்ஸிங் செய்தவரை மறந்துவிட்டீர்களே?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். புரூஸ் ஸ்வீடியன். தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை அளவாகக் கலப்பதுதான் மிக்ஸிங். 'பில்லி ஜீன்' என்ற ஒரு பாட்டை 91 தடவை மிக்ஸ் செய்தார். கடைசியில் தட்டில் ஏறியது இரண்டாவது மிக்ஸ். என் வேலையில் இதைச் சொல்லாத நாள் இல்லை. நூறு வேலை செய்துவிட்டு 'அண்ணா, அந்த ரெண்டாவதே நல்லாருந்துச்சு' என்று சொல்லும் பார்ட்டி நமக்கும் வாய்க்கிறார்கள்.

ஆட்டக்காரி: மூன்வாக் அவர் கண்டுபிடித்ததா? 45 டிகிரி சாய்வது எப்படி?

முன்னால் நடப்பதுபோல் காட்டிப் பின்னால் வழுக்கும் அந்த மூன்வாக் அவருக்கு முன்பே இருந்தது; பில் பெய்லி 1950களிலேயே படத்தில் ஆடியிருக்கிறார். 1983இல் மோட்டவுன் வெள்ளிவிழாவில் இவர் ஆடியபின் உலகமே கற்றுக்கொண்டது. சாய்வது செருப்பு வித்தை: குதிகாலில் ஒரு பள்ளம், மேடையில் மேலெழும் ஆணி. 1993இல் பேட்டன்ட் வாங்கினார்கள். வீட்டில் முயன்று பல்லை உடைத்துக்கொள்ளாதீர்கள். மற்றபடி ஆட்டத்துக்கு மாஸ்டர் யாரையாவது கேளுங்கள்.

நியாயவாதி: குழந்தைகள் விஷயத்தை மட்டும் ஏன் தொடவில்லை?

கேட்டதால் சொல்கிறேன். சிறுவனிடம் பாலியல் அத்துமீறல் என்ற 1993 புகார் அடுத்த ஆண்டு பணம் கொடுத்து சமரசமானது. அதே மாதிரியான இன்னொரு வழக்கில் 2005 ஜூன் 13 அன்று எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் ஜூரி விடுவித்தது. 2019இல் இரண்டு பேர் ஆவணப்படத்தில் மறுபடி குற்றம் சாட்டினார்கள், குடும்பம் மறுத்தது. பாட்டு பிடிக்கும் என்பதற்காக நான் வக்கீலாக மாட்டேன்.

பளபளா: தோல் எப்படி வெள்ளையானது?

மேலே போய்ப் பாருங்கள்.

கீபோர்டு ராஜா: பம்பாய்க்கு வந்தாராமே?

1996 நவம்பர் 1, அந்தேரி.

தோல்_சந்தேகம்: ஊசி போட்டுத்தானே...

மேலே. மேலே. மேலே.

குயின்சி பக்தன்: சரி ஐயா, அந்த டெமோவைத் தேடிக் கேட்டேன். பேஸ் நடை அவருடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டில் டிரம்ஸ் குயின்சிதானே?

டிரம்ஸ் வாசித்தவர் லியோன் சான்ஸ்லர். பேஸ் கிட்டார் லூயிஸ் ஜான்சன். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், ஒன்று மட்டும் சொல்லுங்கள். போன் ஸ்பீக்கரிலா கேட்டீர்கள்?

குயின்சி பக்தன்: ...ஆமாம்.