வெலிங்டனில் இருக்கும் மகனிடமிருந்து கடிதம் வரவில்லையே?

கேள்வி: என் மகன் ராணுவத்தில் அக்னிவீராகத் தேர்வாகி, பயிற்சிக்காக நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்குப் போய் இருபத்தாறு நாள் ஆகிறது. போய் இறங்கியதும், "வந்து சேர்ந்துட்டேம்மா, போனை வாங்கி வச்சுக்குவாங்களாம், லெட்டர் போடுறேன்" என்றான். அதோடு சரி. பக்கத்துத் தெருப் பையன் பெங்களூரில் பயிற்சியில் இருக்கிறான், அவன் ஞாயிறு ஆனால் பேசிவிடுகிறான். இவன் அப்பா நேரில் போய்ப் பார்த்தே தீருவேன் என்று நிற்கிறார். என்ன செய்யட்டும்? – ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரரை மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏற விடாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் போனால் கேட்டில் இருக்கும் காவலரைத்தான் பார்த்துவிட்டு வர முடியும். தப்பித்தவறிப் பையனைக் கூப்பிட்டு விட்டாலும், "அப்பா வந்துட்டாருடா" என்று கூடப் பயிற்சி எடுக்கும் மொத்தப் பிளட்டூனும் மாதக்கணக்கில் கிண்டலடித்து ஓட்டும். இதை அனுபவித்தவன் சொல்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நான் ராணுவத்தில் 24 ஆண்டு இருந்தேன். அதில் மூன்றாண்டு ரெக்ரூட்டுகளுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு, உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுக்கும் ஹவில்தார். முதல் மாதம் ஒரு பையனின் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், கேளுங்கள். விடியும் முன்பே எழுப்பி விடுவார்கள். சவரம், பிடி என்கிற உடற்பயிற்சி, டிரில், வகுப்பு, துணி துவைப்பது, பூட்ஸ் பாலிஷ், சாயங்காலம் விளையாட்டு, ராத்திரி ஆள் எண்ணும் ரோல்கால். நடுவில் மருத்துவப் பரிசோதனை, பேங்க் கணக்கு, சாமான் வாங்க வரிசை. ஆர்டர் எல்லாம் இந்தியில். நம் பையன்களுக்கு முதல் பத்து நாள் 'பீச்சே முட்' (பின்னால் திரும்பு) என்றால் எந்தப் பக்கம் திரும்புவது என்று பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தால்தான் தெரியும். வெலிங்டன் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உசிலம்பட்டி வெயிலில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிருக்குப் பழகவே நாளாகும். ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து இன்லேண்ட் லெட்டரைப் பிரித்து 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று எழுதிவிட்டு அப்படியே தூங்கிப் போன பையன்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். காலையில் தலையணைக்கடியில் அந்த ஒரு வரியோடு கடிதம் கிடக்கும்.

போன் விஷயம் சென்டருக்குச் சென்டர் மாறும். ஒரே சென்டரிலேயே கம்பெனி என்கிற பிரிவுக்குப் பிரிவு மாறும். பெங்களூர்ப் பையன் பேசுகிறான், நம் பையன் பேசவில்லை என்று ஒப்பிட்டால் உங்களுக்குத் தூக்கம் போவதுதான் மிச்சம்.

கெட்ட செய்தி என்றால் அது கடிதத்துக்குக் காத்திருக்காது. பையனுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்றால், சேரும்போது அவன் எழுதிக் கொடுத்த வீட்டு நம்பருக்கு சென்டரிலிருந்தே தகவல் வரும். எங்கள் காலத்தில் தந்தி. தந்திக்காரர் சைக்கிள் தெருவுக்குள் வந்தாலே பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். 2013 ஜூலையோடு தந்தியும் நின்றுபோயிற்று. இப்போது போன்தான். அதனால் நீங்கள் சிம்மை மாற்றியிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள், புது நம்பரை அவனுக்கு உடனே எழுதுங்கள்.

இப்போது என் கதை. சேர்ந்த எட்டாம் நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டேன். "என்னால முடியல, வந்து கூட்டிட்டுப் போயிருங்க." போட்ட மறுநாளோ அதற்கு மறுநாளோ வாலிபால் டீமில் சேர்த்துக்கொண்டார்கள், நானும் அந்தக் கடிதத்தை மறந்தே போனேன். அது பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர ஒரு வாரம். போஸ்ட்மேன் படித்துக் காட்ட, அம்மா அழுத அழுகையில் அப்பா ஒரு கிடாயை விற்றுக் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் கேட்டில் வந்து நின்றவரைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி, "நீங்க ஏம்ப்பா வந்தீங்க?" அந்தக் கிடாயைக் கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டினார்.

பயிற்சியில் இருப்பவன் கடிதம் கைக்கு வரும்போது அதிலுள்ள சங்கதி பழசாகியிருக்கும். அழுது எழுதியிருந்தால், நீங்கள் படிக்கிற நேரத்தில் அவன் சிரித்துக்கொண்டிருக்கலாம். மூன்றே வரியில் 'நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, மற்றவை பின்பு' என்று எழுதியிருந்தாலும் கோபித்துக்கொண்டான் என்று அர்த்தமில்லை. ரோல்காலுக்கு விசில் அடித்திருப்பார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது, அவன் கடிதத்துக்குக் காத்திருக்காமல் நீங்கள் முதலில் எழுதுவது. இன்றைக்கே. இன்லேண்ட் லெட்டர் தபால் ஆபீசில் 2 ரூபாய் 50 காசு. முகவரியில் அவனுடைய ராணுவ எண், பெயர், கம்பெனி, பிளட்டூன், அப்புறம் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர், வெலிங்டன், நீலகிரி, 643231. எண்ணும் கம்பெனியும்தான் முக்கியம். வெறும் பாண்டி என்று எழுதினால் அங்கே எத்தனை பாண்டி இருப்பான் என்று நினைக்கிறீர்கள்? இரண்டும் தெரியாவிட்டால் அவனோடு ஒரே பேட்சில் போன பையன்களின் வீடுகளில் விசாரியுங்கள், யாராவது ஒருவருக்குக் கடிதம் வந்திருக்கும். பயிற்சி முடிந்து யூனிட்டுக்குப் போன பிறகு முகவரி வேறு மாதிரி ஆகிவிடும். யூனிட் பெயர், 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்), 9-இல் தொடங்கும் பின்கோடு, அவ்வளவுதான். அதில் ஊர்ப் பெயரைச் சேர்க்கவே கூடாது.

எழுதத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து எழுத வேண்டும் என்றாலும் கூச்சப்படாதீர்கள், நீங்கள் சொல்கிற மாதிரியே எழுதச் சொல்லுங்கள். 'நீ இல்லாம சோறு இறங்கல' என்பது மட்டும் வேண்டாம். அதைப் படித்துவிட்டு மறுநாள் ஓட்டத்தில் பின்தங்கிய பையன்களை எனக்குத் தெரியும். மாடு கன்று போட்டதா, 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வந்ததா, மாசிப் பச்சைத் திருவிழாவுக்குப் பெட்டியோடு யார் யார் போனார்கள், தங்கச்சி கணக்கில் எத்தனை மார்க் என்று எழுதுங்கள். அவனுக்கு அதுதான் வேண்டும். அந்தக் கடிதத்தைப் பத்துப் பேர் வாங்கிப் படிப்பார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயே ஒரு வெற்று இன்லேண்டை மடித்து வைக்கலாம் என்று தோன்றும். இன்லேண்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது. கடிதத்தை 5 ரூபாய்க் கவரில் போட்டு, உங்கள் முகவரி எழுதிய இரண்டு இன்லேண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அதில் ஒன்று நிச்சயம் திரும்பி வரும்.

முறுக்கு, அதிரசம் அனுப்ப ஆசை இருக்கும். அவன் சரி என்று எழுதும் வரை பொறுங்கள். பணமும் அவன் கேட்டால் போதும், சாப்பாடு, துணி, தங்குமிடம் எல்லாம் அரசு செலவு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "உங்க பையனுக்கு அடிபட்டிருச்சு, ஆபரேஷனுக்குப் பணம் போடுங்க" என்று எவனாவது ஆபீசர் பெயரில் போன் செய்தால் ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். ராணுவ ஆஸ்பத்திரியில் ரெக்ரூட்டுக்கு வைத்தியம் இலவசம். போனை வைத்துவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் சொல்லுங்கள். பையன் சீருடைப் போட்டோவை எண்ணோடு ஸ்டேட்டஸில் போடுவதால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு விவரம் கிடைக்கிறது, அதையும் நிறுத்துங்கள்.

வீட்டில் நிஜமாகவே சாவோ பெரிய வியாதியோ வந்தால் மறைக்காதீர்கள், கடிதத்திலும் எழுதாதீர்கள். சென்டருக்கே போன் செய்து கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். வழி தெரியாவிட்டால் மதுரையில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். சின்ன விஷயத்துக்கு லீவு கேட்டு இழுத்துக்கொண்டு வந்தால் அவன் ரெலிகேட் ஆகி அடுத்த பேட்சோடு சேர வேண்டிவரும், கூட வந்தவன் எல்லாம் முன்னால் போய்விடுவான்.

உங்கள் முதல் கடிதம் போட்டு மூன்று வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால், அந்த அலுவலகத்தில் அவன் எண்ணைச் சொல்லி விசாரிக்கலாம், தப்பில்லை. அவன் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், பயிற்சி முடிவில் கசம் பரேட் என்று ஒன்று உண்டு, பையன்கள் உறுதிமொழி எடுக்கும் நாள். தேதியை அவனே எழுதுவான். பெற்றவர்களைக் கூப்பிட்டு கௌரவப் பதக்கம் குத்துவார்கள். அதற்குப் போகும்போது இரண்டு பேருக்கும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.