வாய்க்கால் கரை அரிக்கிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காங்கயம் வாசகர்: ஐயா, மேட்டுக்காட்டு மழைத்தண்ணீர் எங்கள் தோட்டத்து ஓரமாக இறங்கிப் பள்ளத்தில் சேர்கிறது. மண் அரிக்கிறதென்று சரிவு முழுக்கக் கான்கிரீட் போட்டோம். இப்போது கான்கிரீட் முடிகிற இடத்தில் பெரிய குழி விழுந்துவிட்டதுங்க. இன்னும் பத்தடி நீட்டலாமா?

நீட்டினால் குழியும் பத்தடி தள்ளிப் போகும், அவ்வளவுதான். வழவழப்பான தளத்தில் உரசல் குறைவு. இறங்க இறங்க வேகம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. மணல் கலந்த செம்மண்ணோ நொடிக்கு அரை மீட்டர் வேகம் வரைதான் தாங்கும். இறுகிய களிமண் என்றால் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டலாம்.

ஆகவே சரிவைப் படிகளாக உடையுங்கள். ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு தொட்டி, அதன் முடிவில் ஒரு குறுக்குத் திண்டு. திண்டு தண்ணீரைத் தேக்கி வைக்கும். மேலிருந்து விழுவது தளத்தில் மோதாமல் தண்ணீரிலேயே மோதி, சுழன்று, அங்கேயே ஓய்ந்துவிடும். கடைசித் தொட்டியின் விளிம்பில் மண்ணுக்குள் இறங்கும் அடிச்சுவர் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் அடிமண் கரைந்து, தளம் அந்தரத்தில் தொங்கி உடையும். அப்புறம் கொஞ்ச தூரத்துக்குக் கருங்கல் பதியுங்கள். கல்லுக்குக் கீழே ஜல்லி பரப்ப மறக்காதீர்கள். இல்லையென்றால் இடுக்கு வழியாக மண் வெளியேறிக் கல் புதைந்துபோகும்.

அகலத்தைக் கண்ணளவில் முடிவு செய்ய வேண்டாம். பெரிய மழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று வேளாண் பொறியியல் துறையினரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

கோபி வாசகர்: மதகு ஷட்டரைக் கொஞ்சம் தூக்கினால் தகடு மாதிரி சீறிப் பாயும் தண்ணீர், சற்றுத் தள்ளித் திடீரென எழும்பி நுரைக்கிறதே, ஏன்?

அதுதான் நீர்த்தாவல். ஆழம் குறைந்து வேகமாக வரும் தண்ணீர், முன்னால் மெதுவாகப் போகும் ஆழமான தண்ணீரில் முட்டிக் கொந்தளிக்கிறது. நிலையான தாவலில் ஆற்றலில் 45 முதல் 70 சதவீதம் வரை அந்த நுரைக்குள்ளேயே தீர்ந்துவிடும். அணைகளின் அடியில் தொட்டி கட்டுவதே இதற்காகத்தான். கவனிக்க வேண்டியது ஒன்று: கீழ்ப்பக்கத் தண்ணீர் மட்டம் குறைந்தால் தாவல் தளத்தைத் தாண்டி மண்ணுக்கு நகர்ந்துவிடும். நுரை எந்த இடத்தில் எழுகிறது என்று பார்த்துக்கொண்டே ஷட்டரைத் தூக்குங்கள்.

பவானி வாசகர்: காளிங்கராயன் வாய்க்கால் ஏன் இவ்வளவு வளைகிறது?

பவானியிலிருந்து கொடுமுடி பக்கத்து ஆவுடையார்பாறை வரை சுமார் 90 கிலோமீட்டர் ஓடுகிறது. நேர்க்கோட்டில் ஏறத்தாழ பாதிதான் வரும். இறங்க வேண்டிய உயரம் அதேதான், தூரம் மட்டும் கூடுகிறது. அதனால் சரிவு குறைந்து தண்ணீர் நிதானமாகப் போகிறது. 13ஆம் நூற்றாண்டில் இப்படி வெட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான். ஆனால் வளைவின் வெளிக்கரையில்தான் தண்ணீர் அடிக்கும். அங்கே புல்லை வெட்டி எடுக்காதீர்கள்.

பொள்ளாச்சி வாசகர்: மோட்டார் பைப் தண்ணீர் விழுந்து வாய்க்கால் தலைப்பு குழியாகிறது.

சிறு தொட்டி கட்டி அதில் விழ விடுங்கள். அடியில் எப்போதும் ஓரடித் தண்ணீர் நிற்கட்டும், வெளிவாய் பைப்பைவிட நல்ல அகலமாக இருக்கட்டும். பைப் வாயைத் தண்ணீருக்குள் முக்க வேண்டாம். மோட்டார் நின்றதும் தொட்டித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடக்கூடும்.