முதல் யாருடையது, ஈடு யாருடையது?

கேள்வி: அந்நிய முதலீட்டில் பெரிய ரயில் பாதை, துறைமுகம் எல்லாம் வரும்போது சிறுதொழில் செய்கிறவர்கள் ஏன் முணுமுணுக்கிறார்கள்? அவர்களுக்கு வளர்ச்சி வேண்டாமா?

பதில்: 'முதலீடு' என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லைத் தாண்ட எனக்கு மனமில்லை. அதற்குள் 'முதல்' இருக்கிறது, 'ஈடு'ம் இருக்கிறது. நகையை ஈடு வைக்கிறோம். நட்டத்துக்கு ஈடு கேட்கிறோம். எந்தப் பெரிய திட்டம் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: முதல் யாருடையது, ஈடு யாருடையது?

கென்யாவில் துறைமுக நகரமான மொம்பாசாவையும் தலைநகர் நைரோபியையும் இணைக்கும் ரயிலைப் பாருங்கள். 2017-இல் ஓடத் தொடங்கியது. செலவில் சுமார் 90 விழுக்காடு சீன அரசின் எக்ஸிம் வங்கி கொடுத்தது. அதுவும் முதலீடாக அல்ல, வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டிய கடனாக. கடன் அடைய ரயிலுக்குக் கூலி வரவேண்டும், கூலி வரச் சரக்கு வேண்டும். அதனால் தண்டவாளம் போடும் முன்பே, 2014-இல், இவ்வளவு சரக்கு தருகிறோம் என்று துறைமுக நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. குறைந்தால் அதுவே பணம் கட்டவேண்டும். அதுவரை அந்தச் சரக்கை ஏற்றிப் பிழைத்தவர்கள் லாரிக்காரர்கள். ஈடாகப் போனது அவர்கள் பிழைப்பு.

பிறகு, நைரோபிக்கான கன்டெய்னர்கள் ரயிலில்தான் போகவேண்டும் என்று உத்தரவு வந்தது. லாரி என்றால் வழியில் நிற்கும். ஓட்டுநர் சாப்பிடுவார், தூங்குவார், பஞ்சர் ஒட்டுவார். மரியாகனியும் வோயும் அப்படிப் பிழைத்த ஊர்கள். சரக்கு ரயிலுக்குப் பசி கிடையாது. சுங்க வேலையும் நைரோபிக்கு நகர்ந்ததால் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் மொம்பாசாவின் கிளியரிங் ஏஜென்ட்டுகளும் கையைப் பிசைந்தார்கள்.

முணுமுணுப்பு என்கிறீர்கள். அவர்கள் 2019-இல் தெருவில் இறங்கினார்கள். 2022 செப்டம்பரில், பதவியேற்ற அன்றே அதிபர் ரூட்டோ சுங்க வேலையை மொம்பாசாவுக்குத் திருப்பினார். ரயில் இன்றும் ஓடுகிறது. ரயில் வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லையே!

ஒப்பந்தங்களைப் பூட்டி வைக்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். அந்தக் கடன் ஒப்பந்தம் 2014-இல் கையெழுத்தானது. அதன் பக்கங்களை அரசு மக்கள் முன் வைத்தது 2022 நவம்பரில். சரக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்டது அன்றே தெரிந்திருந்தால், எத்தனையோ பேர் புது லாரிக்குத் தவணை கட்டத் தொடங்கியிருக்க மாட்டார்கள்.